பழைய அம்பாசிடரில் லைட் சுவிட்ச் மாற்றுவது எப்படி? புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு இறங்கும்போது, கோட்டைவாசல் தாண்டியதும் ‘எஸ்’ வளைவு வரும். ஆடி மாதச் சாரலில், இரவு ஒன்பது மணி வாக்கில், அந்த வளைவுக்குச் சற்று மேலே என் அம்பாசிடரின் ஹெட்லைட் இரண்டும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. எதிரே ஏறி வந்த லாரியின் வெளிச்சத்தில் ஓரம் தெரிந்தது, ஒதுக்கி நிறுத்தினேன். டேஷ்போர்டில் கையை வைத்தால் சுவிட்சின் குமிழ் சுட்டது. பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் கருகினால் ஒரு வாடை உண்டு, கெட்டுப்போன மீன் மாதிரி. வண்டி முழுக்க அந்த வாடை. குமிழை முழுதாக இழுத்தால் எரியவில்லை. முக்கால்வாசி இழுத்து, அடியில் ஒரு தீக்குச்சியைச் சொருகினால் எரிந்தது. அந்தத் தீக்குச்சியை நம்பித்தான் புளியரை வரை வந்தேன். நீங்கள் அப்படி வராதீர்கள். சூடான சுவிட்சைப் பிடித்துவைத்து எரிய விடுவது வயரிங்குக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

மறுநாள் செங்கோட்டையில் ஒருவர் பார்த்துவிட்டு, முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னார். தென்காசியில் நாற்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், “வயரிங்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சுவிட்ச் மட்டும் போயிருக்கு. அதையும் நீங்களே மாத்திரலாம், நான் எதுக்கு?” என்றார். கூடவே உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தார். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னுடையது 1977-ம் வருட மார்க் 3. ஃபியட், பத்மினி, பழைய ஜீப் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான், சுவிட்சின் உருவமும் கழற்றும் விதமும் மட்டும் மாறும்.

சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது

இழுக்கும் வகைச் சுவிட்சில் மூன்று நிலை. உள்ளே தள்ளியிருந்தால் ஆஃப். ஒரு கட்டம் இழுத்தால் பார்க் லைட், பின்லைட், மீட்டர் லைட். இரண்டாவது கட்டத்தில் இவற்றோடு ஹெட்லைட்டும் சேரும். பின்பக்கத்தில் கரண்ட் உள்ளே வரும் டெர்மினல் ஒன்று, பார்க் லைட்டுக்குப் போவது ஒன்று, ஹெட்லைட்டுக்குப் போவது ஒன்று. சில சுவிட்சில் மீட்டர் லைட்டுக்குத் தனியாக நான்காவது டெர்மினல் இருக்கும். ஹெட்லைட் கரண்ட் இங்கிருந்து நேராக பல்புக்குப் போவதில்லை. முதலில் கிளட்ச் பக்கம் தரையில் இருக்கும் டிப் சுவிட்சுக்குப் போய், அங்கே டிம், பிரைட் என்று பிரிந்து முன்னால் போகிறது. இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 120 வாட், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். என் வண்டியை முன்னால் வைத்திருந்தவர் மலைப்பாதைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று 100/90 வாட் பல்பு போட்டிருந்தார். பிரைட்டில் 200 வாட், அதாவது 16 ஆம்பியருக்கு மேல். அரை நூற்றாண்டுக்கு முன் நாற்பது, நாற்பத்தைந்து வாட் பல்புகளை மனதில் வைத்துச் செய்த பித்தளைத் தகடு அவ்வளவையும் தாங்கவேண்டும் என்றால் எப்படி? அதிலும் பழைய பிரிட்டிஷ் பாணி வயரிங்கில் ஹெட்லைட் பாதைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. அம்பாசிடர் அந்தக் குடும்பத்து வண்டிதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து, வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி, 2014 வரை வந்துகொண்டிருந்த வண்டி.

பழியைச் சுவிட்ச் மேல் போடும் முன்

லைட் எரியவில்லை என்றதும் சுவிட்ச் வாங்க ஓடவேண்டாம். எங்கள் பக்கம் ஜூன் தொடங்கினால் குற்றாலத்துச் சாரல் வண்டிக்குள்ளேயும் வந்துவிடும். கால்மிதி ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில் உட்கார்ந்திருப்பது டிப் சுவிட்ச். அதன் டெர்மினல்களில் பச்சை பூத்திருப்பதை எத்தனையோ வண்டியில் பார்க்கலாம். ஆகவே முதலில் எது எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள்.

டிம் மட்டும் இல்லை, பிரைட் இருக்கிறது என்றால் டேஷ்போர்டு சுவிட்ச் குற்றவாளி அல்ல. டிப் சுவிட்சையோ பல்பையோ பாருங்கள். ஒரு பக்க லைட் மட்டும் மங்கலாக எரிந்தால், அந்தப் பக்கத்து எர்த் வயரை, அதாவது பல்பிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் வயரைப் பாருங்கள். மீட்டர் லைட் மட்டும் இல்லை என்றால், மீட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் 2.2 வாட் குட்டி பல்பு போயிருக்கும், அல்லது அதன் ஹோல்டர் தளர்ந்திருக்கும். கைவிட்டு ஒரு திருகு திருகினாலே பல நேரம் எரியும். பார்க் லைட் உண்டு, ஆனால் டிம், பிரைட் இரண்டுமே இல்லை என்றால் இரண்டு இடத்தில் சந்தேகப்படலாம்: சுவிட்சின் இரண்டாவது கட்டம், இல்லையென்றால் அங்கிருந்து டிப் சுவிட்சுக்குப் போகும் வயர். எல்லாமே செத்துவிட்டது, ஹார்ன் மட்டும் அடிக்கிறது என்றால் சுவிட்சுக்கு உள்ளே வரும் கரண்ட்டே வரவில்லை.

உறுதிப்படுத்த ஒரு மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சுக்குக் கரண்ட் வரும் டெர்மினலிலும் மறுமுனையை ஹெட்லைட்டுக்குப் போகும் டெர்மினலிலும் வையுங்கள். சுவிட்ச் நன்றாக இருந்தால் 0.1, 0.2 என்றுதான் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்தோ கருகியோ இருக்கிறது. என்னுடையது 1.8 காட்டியது. 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1.8 வோல்ட் தின்றால் 27 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். அதாவது நான் ஒவ்வொரு ராத்திரியும் டேஷ்போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். வெளிச்சம் குறைந்ததற்கும் இதுதான் காரணம். வோல்ட்டேஜில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முன்னவர் பெரிய பல்பு போட்டதும் இந்த மங்கலைப் பார்த்துத்தான் இருக்கும். போட்டதும் சுவிட்ச் இன்னும் கருகியது.

கடையில்

முடிந்தால் பழைய சுவிட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “அம்பாசிடர் லைட் சுவிட்ச்” என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்றைத் தருவார்கள், அது உங்கள் டேஷ்போர்டு ஓட்டைக்குள் நுழையாது. தென்காசியில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு, வேறு வேலையாகப் போனபோது புனலூரில் கேட்டேன். கடைக்காரர், “சேட்டா, ஒரிஜினல் வேணோ, லோக்கல் மதியோ?” என்றார். மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும். லோக்கல் போதுமா என்று கேட்கிறார். நம் காதுக்கு அது புத்தியைப் பற்றிய கேள்வியாகவும் கேட்டது. பழைய ஸ்டாக்கில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

நான்கு விஷயம் பாருங்கள். டேஷ்போர்டு ஓட்டைக்குள் போகும் கழுத்தின் தடிமன், மரைப் பகுதியின் நீளம், டெர்மினல் ஸ்க்ரூ வகையா செருகும் வகையா, எத்தனை டெர்மினல். கழுத்து குட்டையாக இருந்தால் மர பேனல் போட்ட டேஷ்போர்டில் நட்டு பிடிக்காது. கடையிலேயே மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தை வைத்து மூன்று நிலையும் சோதித்துவிடுங்கள். ஆஃபில் சத்தம் வரக்கூடாது. முதல் கட்டத்தில் உள்வரவுக்கும் பார்க் டெர்மினலுக்கும் வரவேண்டும். இரண்டாவது கட்டத்தில் பார்க் டெர்மினல் விடாமல் இருக்க, ஹெட்லைட் டெர்மினலும் சேரவேண்டும். பழைய ஸ்டாக் என்றால் இந்தச் சோதனை கட்டாயம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த காண்டாக்ட்டும் களிம்பேறும்.

கையில் என்ன வேண்டும்

பேட்டரி டெர்மினலுக்கு ஏற்ற ஸ்பேனர், சின்னதும் பெரியதுமாக இரண்டு திருப்புளி, மூக்கு நீண்ட பிளேயர், குண்டூசி அல்லது சேஃப்டி பின், வயர் உரிக்க கட்டர், திம்பிளும் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அதை நசுக்கும் பிளேயரும், இணைப்பை மூட கொஞ்சம் ஸ்லீவ், நைஸான உப்புத்தாள், டார்ச். தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் புண்ணியம். அப்புறம் வெள்ளை ஒட்டுப் பிளாஸ்திரி, ஒரு பேனா. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் இந்த வேலையில் அதிமுக்கியமான கருவிகள் இந்தக் கடைசி இரண்டும்தான்.

முதலில் எர்த்

வண்டி சமதரையில், கை பிரேக் போட்டு, சாவி எடுத்து நிற்கட்டும். போனட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து பாடியில் போல்ட் போட்டு இறங்கும் கேபிள் எது என்று பாருங்கள். அதுதான் எர்த். அதை முதலில் கழற்றுங்கள். மைனஸ் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றவேண்டாம். ஐம்பது, அறுபதுகளின் பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் பிளஸ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியில் மாட்டியிருப்பது, உண்டு. மற்றக் கேபிளை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், அந்த ஸ்பேனர் வழியாகவே முழு பேட்டரியும் ஷார்ட் ஆகும். எர்த் கழன்றுவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சுவிட்சுக்கு வரும் வயரில் சாவி ஆஃப் ஆனாலும் கரண்ட் இருக்கும். நடுவில் ஃபியூஸும் இல்லை. அந்த வயரின் முனை டேஷ்போர்டு தகரத்தில் பட்டால் வயர் முழுநீளத்துக்கும் சிவந்து, பக்கத்து வயர்களையும் உருக்கிவிடும். “எர்த்தைக் கழத்தாம டேஷ்போர்டுக்குள்ள கை விட்டா, நான் எழுந்திரிச்சுப் போயிருவேன்” என்றார் அண்ணாச்சி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

குமிழைக் கழற்றுவது

இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். குமிழைப் பிடித்து இழுத்தால் வராது, திருகினால் தண்டு சேர்ந்து சுற்றும். பலமாக இழுத்தால் குமிழ் இரண்டாக உடையும். அது எங்கும் திருகிப் பூட்டியது அல்ல. குமிழை முழுதாக வெளியே இழுத்துவிட்டு, அதன் கழுத்துக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை தட்டுப்படும். உள்ளே ஸ்ப்ரிங் தாங்கிய ஒரு சின்ன ஆணி முட்டிக்கொண்டிருக்கும். குண்டூசியால் அதை உள்ளே அழுத்தியபடி குமிழை மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். என் வண்டியில் அந்த ஓட்டைக்குள் ஐம்பது வருட மெழுகும் தூசியும் அடைத்துக் கல்லாகியிருந்தது. சுரண்டி எடுத்த பிறகுதான் ஆணி நகர்ந்தது. சில குமிழில் ஆணிக்குப் பதில் மிகச் சின்ன ஸ்க்ரூ இருக்கும். கண்ணாடிக்காரர்கள் வைத்திருக்கும் திருப்புளி வேண்டும்.

குமிழ் வந்ததும் பின்னால் வட்டமாக ஒரு நட்டு தெரியும், அதில் எதிரெதிரே இரண்டு வெட்டு. அதற்கென்று கருவி உண்டு, இல்லையென்றால் மூக்கு பிளேயரின் இரண்டு நுனியையும் வெட்டில் வைத்து இடப்பக்கம் திருப்பலாம். வழுக்கினால் டேஷ்போர்டு பெயின்ட்டில் கீறல் விழும். சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு செய்யுங்கள். டாக்கிள் வகை என்றால் சுற்றி ரம்பம் போட்ட நட்டு, கையாலேயே கழலும். தட்டையாக அழுத்தும் சுவிட்ச் என்றால் நட்டே இருக்காது, பின்னால் இருபக்கமும் உள்ள கிளிப்பை அழுத்தி முன்னால் தள்ளவேண்டும்.

வயர்: இங்கே அவசரம் வேண்டாம்

நட்டு கழன்றதும் சுவிட்ச் பின்பக்கமாக விழும். இனிமேல் உங்கள் இடம் தரைதான். முன் சீட்டில் கால் போட்டு, தலையைப் பெடல் பக்கம் வைத்து மல்லாந்து படுக்கவேண்டும். காக்கிச் சட்டை மெக்கானிக்குகள் ஏன் எப்போதும் முனகிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள் என்று அப்போது புரியும்.

சுவிட்சை வயரோடு கீழே இழுத்து, முதலில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரித் துண்டு சுற்றி எழுதுங்கள். டெர்மினலில் எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் அதையே எழுதலாம். இல்லையென்றால் ‘வரவு’, ‘பார்க்’, ‘ஹெட்’, ‘மீட்டர்’. ஒரே டெர்மினலில் இரண்டு வயர் இருந்தால் இரண்டிலும் எழுதவேண்டும். ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு மற்றது ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பின்லைட்டுக்குப் போன அந்த வயரைத் தேடி அரை மணி நேரம் போயிற்று.

நிறத்தை நம்பலாமா? லூகாஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் பாணியில் ஒரு ஒழுங்கு உண்டு. பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட் உள்ள வரவு. நீலம் ஹெட்லைட்டுக்கு. அதில் வெள்ளைக் கோடு போட்டது பிரைட், சிவப்புக் கோடு போட்டது டிம். சிவப்பு பார்க் லைட்டுக்கும் பின்லைட்டுக்கும். சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் லைட். கறுப்பு எர்த். ஆனால் உங்கள் வண்டி எத்தனை கை மாறியிருக்கிறதோ அத்தனை பேர் அங்கே கை வைத்திருப்பார்கள். என் வண்டி முதலில் கொல்லம் பக்கம் டாக்ஸியாக ஓடியது. வரவு வயர் வீட்டுக்குப் போடும் பச்சை வயராக இருந்தது, மீட்டர் லைட்டுக்கு ஸ்பீக்கர் வயர். நிறம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பிளாஸ்திரிதான் சாட்சி.

அண்ணாச்சி சொல்லித்தந்த இன்னொரு முறை இதைவிடச் சுலபம். எல்லா வயரையும் கழற்றிவிட்டு மாட்டாமல், புதுச் சுவிட்சைப் பழையதன் பக்கத்தில் அதே திசையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராக இங்கிருந்து கழற்றி அங்கே மாட்டிவிடுவது. ஒரு நேரத்தில் ஒரு வயர்தான் கையில் இருக்கும், தப்பு நடக்க வழியில்லை. இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் இது சரிவரும். டெர்மினல் வரிசை மாறியிருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து எழுதியபடிதான் மாட்டவேண்டும்.

மாட்டும் முன் வயர் நுனியைப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் சரி. சூடேறிய வயர் உள்ளே கறுத்துப்போயிருக்கும், உறை விறைத்து நொறுங்கும். அதில் அப்படியே புதுச் சுவிட்சை மாட்டினால், ஒரே மாதத்தில் அந்த இணைப்பு சூடாகிப் புதுச் சுவிட்சையும் கொன்றுவிடும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். என் ஹெட்லைட் வயரில் மூன்று விரல் நீளம் வெட்டவேண்டி வந்தது. நீளம் போதாமல் போனால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர் ஒரு துண்டு ஒட்டுப் போடலாம். பார்க் லைட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாராளம். நுனியில் திம்பிள் போட்டு நசுக்கி, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வருவது இப்போதே வரட்டும். ஸ்க்ரூ டெர்மினல் என்றால் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அந்த ஒற்றை இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுவிட்டால், சுவிட்ச் ஆஃபில் இருந்தும் பின்லைட் விடிய விடிய எரியும்.

கரண்ட் கொடுக்கும் முன் ஒரு பல்பு

சுவிட்சை இன்னும் டேஷ்போர்டில் பூட்டவேண்டாம். தகரத்தில் படாமல் ஒரு துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். இப்போது பேட்டரி கேபிளை நேரடியாக மாட்டுவதற்குப் பதில், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, அதன் ஒரு வயரைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதைக் கழற்றி வைத்த எர்த் கேபிளிலும் பிடியுங்கள். கதவு லைட்டெல்லாம் ஆஃபில் இருந்தால் பல்பு எரியக்கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் கருகாது, அந்தப் பல்பு கரண்ட்டை இரண்டு ஆம்பியருக்குள் அடக்கி வைத்துவிடும். சுவிட்சை ஒரு கட்டம் இழுத்தால் பல்பும் பார்க் லைட்டும் கரண்ட்டைப் பங்கு போட்டு மங்கலாக எரியும், அது சரி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கேபிளை முறையாக மாட்டி, பார்க், டிம், பிரைட், மீட்டர் லைட், பின்லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மறுபடி எர்த்தைக் கழற்றிச் சுவிட்சைப் பூட்டுங்கள். நட்டை முறுக்கும்போது சுவிட்சின் உடல் பின்னால் சேர்ந்து சுற்றாமல் ஒரு கையால் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் வயர் முறுக்கிக்கொள்ளும்.

ரிலே போடாமல் விடாதீர்கள்

வேலை இத்துடன் முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் பழைய சுவிட்ச் ஏன் செத்ததோ அதே காரணம் இன்னும் இருக்கிறது. கரண்ட் முழுவதும் இன்னும் சுவிட்ச் வழியாகத்தான் ஓடுகிறது. ரிலே என்பது சின்ன கரண்ட்டால் இயங்கி, பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதை வைத்தால் டேஷ்போர்டு சுவிட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும், சுமையை ரிலே தூக்கும். ரிலேயின் காயிலுக்குப் போவது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

12 வோல்ட், நாலு பின் ரிலே இரண்டு வாங்குங்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பின்களில் எண் இருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து. 87-லிருந்து ஹெட்லைட்டுக்கு. 85-ஐ எர்த்தில் கொடுங்கள். டிப் சுவிட்சிலிருந்து முன்னால் பல்புக்குப் போய்க்கொண்டிருந்த வயரை வெட்டி 86-ல் கொடுங்கள். அதாவது முன்பு பல்பை எரியவைத்த கரண்ட் இப்போது ரிலேயை மட்டும் இழுக்கிறது. டிப் சுவிட்சுக்குப் பிறகு ரிலே வருவதால் அதுவும் பிழைத்துக்கொள்ளும். சிலர் செலவு குறைய ஒரே ரிலேயை லைட் சுவிட்சுக்கும் டிப் சுவிட்சுக்கும் நடுவில் வைப்பார்கள். அப்போது லைட் சுவிட்ச் தப்பிக்கும், டிப் சுவிட்ச் வழக்கம்போல வேகும்.

இரண்டு ரிலேக்கும் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள். ஒன்றையே பொதுவாக வைத்தால், அது போகும் நேரத்தில் மறுபடியும் இருட்டு வளைவில் நிற்கவேண்டியதுதான். தனியாக இருந்தால் டிம் போனாலும் பிரைட் இருக்கும்.

பல்பையும் 60/55-க்கு இறக்கிவிட்டேன். சுவிட்ச் தின்ற 1.8 வோல்ட் திரும்பப் பல்புக்கே கிடைப்பதால் வெளிச்சத்தில் பெரிய குறை தெரியவில்லை. டைனமோ வைத்த வண்டி என்றால் இது இன்னும் அவசியம். வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடும் மழை இரவில் டைனமோ ஏற்கெனவே மூச்சு வாங்கும். எல்ஈடி போட்டால் சுமையே இல்லையே என்று கேட்பார்கள். இழை பல்புக்காகச் செய்த அந்தப் பழைய வட்டக் கிண்ணத்தில் எல்ஈடி போட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். மலைப்பாதையில் எதிரே வருபவருக்குக் கண் தெரியாமல் போவது நமக்கும் ஆபத்துதான். நான் போடவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, என்ஜினைக் கொஞ்சம் வேகத்தில் அரை மணி ஓடவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுச் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் ரிலேயையும் அப்படியே தொட்டுப் பாருங்கள். சுவிட்ச் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கவேண்டும், ரிலே வெதுவெதுப்பாக இருக்கலாம். எங்காவது சுட்டால் அண்ணாச்சி பாஷையில், “சூடு இருக்குலா? அப்பம் அங்க ஏதோ லூசா இருக்கு.” திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

பழைய சுவிட்சைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். புதியதோடு வந்த குமிழ் கறுப்புப் பிளாஸ்டிக், என் டேஷ்போர்டில் இருக்கும் மற்ற குமிழ்களோடு சேரவே இல்லை. பழைய குமிழைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அதையே மாட்டினேன். ஆணி ஓட்டையும் தண்டும் பொருந்தின. கருகிய உடலும் இரண்டு வெட்டுள்ள நட்டும் இப்போது டேஷ்போர்டு பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கின்றன. அந்தத் தீக்குச்சியும் அதே பையில்தான், ஒரு பக்கம் கறுத்துப்போய்.